எந்தக் கருவி, எதன் நகல்? – பழைய கேம்களுக்கான கையடக்கக் கருவி பற்றிய விடைகளும் அவற்றின் எல்லைகளும்

பழைய வீடியோ கேம்களை விளையாட எந்தக் கையடக்கக் கருவியை வாங்குவது, வாங்கியபின் அதை எப்படி அமைப்பது? மேலோட்டமாகப் பார்த்தால் இது கடைக்காரரிடம் கேட்டு முடிக்கக்கூடிய கேள்வி. ஆனால் கடந்த கால் நூற்றாண்டில் இதற்குச் சொல்லப்பட்ட விடைகளை அடுக்கி வைத்தால், அவை ஒன்றோடொன்று முரண்படுவது தெரியும். வலுவான கருவியே நல்லது என்கிறது ஒரு தரப்பு. மூலக் கருவியை அச்சுப்பிசகாமல் ஒத்திருப்பதே நல்லது என்கிறது இன்னொன்று. திரை பொருந்தினால் போதும் என்பது மூன்றாவது. கையில் இருக்கும் போனே போதும் என்பது நான்காவது. சட்டத்தின் விடை இந்த நான்கிலும் சேராமல் தனியே நிற்கிறது.

இவற்றில் பெரும்பாலானவை அசல் கருவியும் அசல் கசற்றும் கடையில் கிடைத்த நாடுகளில் பிறந்தவை. திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே முப்பது கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள குச்சவெளியில் இருந்துகொண்டு அதே கேள்வியைக் கேட்டால் அந்த விடைகள் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

கேள்வியின் பின்புலம்

நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் யப்பானில் ஃபமிகொம் கருவியை வெளியிட்டது. தெற்காசியச் சந்தைக்குப் பெரும்பாலும் வந்து சேர்ந்தது அதுவல்ல, அதன் நகல்கள். தாய்வானிலிருந்து மைக்ரோ ஜீனியஸ் வந்தது. இதே குடும்பத்தைச் சேர்ந்த நகல் ரஷ்யாவில் 1992 முதல் டெண்டி என்றும் போலந்தில் பெகசஸ் என்றும் விற்பனையானது. இலங்கையில் எந்த நிறுவனப் பெயரும் நிலைக்கவில்லை. ‘ரீவி கேம்’ என்பதே எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராயிற்று. மஞ்சள் பிளாஸ்ரிக் கசற்றின் மேலட்டையில் ஆயிரக்கணக்கில் கேம்கள் இருப்பதாக அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பவையோ சில கேம்கள்தான். அவையே பெயரும் தொடக்கக் கட்டமும் மாறித் திரும்பத் திரும்ப வரும்.

கையடக்கக் கருவிகளின் கதை வேறு. 1989 இல் வந்த கேம் போய் நான்கு சிறு பற்றரிகளில் பல மணிநேரம் ஓடியது. அடுத்த ஆண்டு சேகா வெளியிட்ட கேம் கியருக்கு வண்ணத்திரை இருந்தது. ஆனால் அது ஆறு பற்றரிகளை மூன்று முதல் ஐந்து மணிநேரத்தில் தீர்த்துவிடும். கேம் போயின் மங்கலான, வண்ணமற்ற திரை வண்ணத்திரையைச் சந்தையில் வென்றதற்கு இந்தக் கணக்கு ஒரு முக்கிய காரணம். 1990களில் இலங்கையின் வடக்கில் பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது என்பதை இங்கே நினைவில் வைக்கலாம். பற்றரிக் கணக்கு எல்லா ஊரிலும் ஒரே கணக்கல்ல.

பல கருவிகளின் கேம்களை ஒரே கையடக்கத்தில் ஓட்டும் முயற்சி 2001 இல் தென்கொரியாவின் ஜிபி32 உடன் கவனம் பெற்றது. 2005 இல் ஜிபி2எக்ஸ், 2009 இல் சீனாவின் டிங்கு ஏ320 என அது தொடர்ந்தது. 2020க்குப் பின் அன்பெர்னிக், மியூ, ரெட்ரொயிட், பவ்கிடி முதலிய சீன நிறுவனங்கள் ஆண்டுதோறும் பல மாதிரிகளை இறக்கத் தொடங்கியபின்தான் ‘எதை வாங்குவது’ என்பது குழப்பமான கேள்வியானது.

முதல் விடை: வலு

‘கையிலுள்ள பணத்துக்குக் கிடைக்கும் ஆக வலுவான சில்லை வாங்கு’ என்பது பழைய விடை. இது 1990களின் கணினிகளிலிருந்து வந்தது. 1997 இல் நெஸ்டிக்கிள் என்ற எமுலேட்டர், அதாவது ஒரு கருவியை இன்னொன்றில் பாவனை செய்யும் மென்பொருள், சாதாரண வீட்டுக் கணினியில் நின்டெண்டோ கேம்களை வேகமாக ஓட்டிக் காட்டியது. 1999 ஜனவரியில் அல்ட்ரா எச்எல்ஈ, கடைகளில் அப்போது விற்பனையில் இருந்த நின்டெண்டோ 64 இன் கேம்களையே கணினிக்குக் கொண்டுவந்தது. அன்று எமுலேட்டரின் வெற்றி வேகத்தால் அளக்கப்பட்டது. கையடக்கக் கருவிகளின் விளம்பரம் இன்றும் அதே அளவுகோலைத்தான் பிடித்திருக்கிறது.

இந்த விடையில் உண்மை இல்லாமல் இல்லை. மியூ மினி பிளஸ் கருவியில் இருப்பது 128 மெகாபைட் நினைவகம் மட்டுமே. அதில் 8 பிட், 16 பிட் கேம்களும் முதலாவது பிளேஸ்டேஷனும் நன்றாக ஓடும். அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஓல்வின்னர் எச்700 சில்லுள்ள அன்பெர்னிக் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் வரிசை நின்டெண்டோ 64, பிஎஸ்பி ஆகியவற்றின் ஒரு பகுதியைத் தாங்கும். பிளேஸ்டேஷன் 2 வேண்டுமானால் ஸ்னப்டிராகன் 865 உள்ள ரெட்ரொயிட் பொக்கெற் 5 போன்ற அன்ட்ரொயிட் கருவிக்குப் போகவேண்டும். 2022 பெப்ரவரியில் 399 டொலரில் தொடங்கிய ஸ்டீம் டெக் இன்னொரு தட்டு.

பலவீனம், இந்த ஏணிக்கு உச்சி இல்லை என்பது. ஒவ்வொரு படியிலும் விலை ஏறுகிறது, எடை கூடுகிறது, பற்றரி வேகமாக இறங்குகிறது. 2024 ஜனவரி 1 முதல் இலங்கையில் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் கருவியின் விலையில் டொலரின் பெறுமதியும் வரியும் ஏறி அமரும்போது, ஓட்டிப் பார்க்காத வலுவுக்கும் சேர்த்தே காசு கொடுக்கிறோம். மரியோவும் கொண்ட்ராவும்தான் விளையாடப் போகிறோம் என்றால் வலு என்பது வாதமே அல்ல.

இரண்டாம் விடை: துல்லியம்

வேகத்துக்கு எதிராக எழுந்தது துல்லியத் தரப்பு. 2004 இல் பிஎஸ்நெஸ் எமுலேட்டரைத் தொடங்கிய, நியர் என்ற புனைபெயரில் அறியப்பட்டவர் இதன் முதன்மைக் குரல். பிரபலமான கேம்கள் ஓடுவதைக் கொண்டு ஓர் எமுலேட்டரை மதிப்பிட முடியாது என்பது அவர் வாதம். சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்த ஸ்பீடி கொன்சாலஸ் கேம் அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று. அதன் பிற்பகுதியில் ஒரு பொத்தானை மிதிக்கவேண்டும். மூலக் கருவியின் நுண்ணிய மின்நடத்தையைப் பின்பற்றாத எமுலேட்டர்களில் கேம் அந்த இடத்தில் உறைந்து நிற்கும். அதுவரை எந்தக் குறையும் தெரியாது. முடிவை மட்டும் பார்க்க முடியாது.

இந்தத் தரப்பின் இன்றைய வடிவம் எப்பிஜிஏ. மென்பொருளால் பாவனை செய்யாமல், சில்லின் உள் இணைப்புகளையே பழைய கருவியைப்போல மாற்றியமைக்கும் முறை இது. 2021 டிசெம்பரில் வந்த அனலொக் பொக்கெற் இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அதன் திரை 1600×1440 புள்ளிகள். கேம் போயின் 160×144 திரைக்குச் சரியாகப் பத்து மடங்கு. வெளியீட்டு விலை 219 டொலர்.

விலையை விட ஆழமான ஒரு சிக்கலும் இந்த விடைக்கு உண்டு. துல்லியம் என்றால் எதற்குத் துல்லியம்? யப்பானிய, அமெரிக்கக் கருவிகள் செக்கனுக்கு 60 படங்கள் காட்டும் தொலைக்காட்சிக்காகச் செய்யப்பட்டவை. இலங்கையில் இருப்பது 50 ஹேர்ட்ஸ் பால் முறை. 60க்கு எழுதப்பட்ட கேம்கள் 50 இலும் தடுமாறாமல் ஓடும்படி, நகல் தயாரிப்பாளர்கள் சில்லின் நேரக் கணக்கைத் தாங்களே மாற்றியமைத்தார்கள். எமுலேட்டர் உலகில் இந்த முறைக்கு ‘டெண்டி’ என்று பெயர். இதில் செயலியின் வேகம் ஏறத்தாழ மாறாததால் இசையின் சுருதி அப்படியே நிற்கும். தாளமும் ஓட்டமும் மட்டும் ஆறில் ஒரு பங்கு தளரும். சில நகல் சில்லுகளில் ஒலி அலையின் இரண்டு வடிவங்கள் இடம் மாறியிருந்ததால் குரலின் நிறமே வேறாக ஒலித்தது.

ஆகவே மைக்ரோ ஜீனியஸில் கேம் பழகிய ஒருவருக்கு, அசலைத் துல்லியமாகப் பின்பற்றும் கருவி சற்று அவசரமாகவும் அந்நியமாகவும் ஒலிக்க வாய்ப்புண்டு. மலிவான கருவிகளில் வழக்கமாக வரும் எப்சியூஎம்எம் எமுலேட்டரின் தெரிவுகளில் பிரதேசத்தை ‘டெண்டி’ என்று மாற்றலாம். ஒலி அலைகளை இடம் மாற்றும் தெரிவும் அங்கேயே இருக்கிறது. இந்த இரண்டு மாற்றங்களுக்கும் ஒரு சதமும் செலவில்லை. துல்லியத் தரப்பு அசலுக்குத் துல்லியத்தைத்தான் நினைத்தது. நகலுக்குத் துல்லியம் என்பது அதன் கருவிகளுக்குள்ளேயே இருந்தும் அதிகம் பேசப்படாத ஒரு பொருள்.

மூன்றாம் விடை: திரைக் கணக்கு

சில்லைப் பற்றிய வாதம் சலித்தபோது, திரையை முன்வைத்த தரப்பு வலுப்பெற்றது. பழைய கேமின் படம் புதிய திரையில் முழு எண் மடங்காகப் பெருகினால் கூர்மையாக இருக்கும். பின்னமாகப் பெருகினால் சில புள்ளிகள் தடித்தும் சில மெலிந்தும் தெரியும்.

மலிவான கருவிகளில் பரவலாக இருப்பது 3.5 அங்குல, 640×480 திரை. முதலாவது பிளேஸ்டேஷனின் 320×240 படம் இதில் சரியாக இரண்டு மடங்காகி மிச்சமின்றி நிரம்பும். கேம் போய் படம் மூன்று மடங்கில் 480×432 ஆக, சுற்றிலும் கறுப்புப் பட்டையோடு அமரும். சிக்கல் கேம் போய் அட்வான்ஸில். அதன் 240×160 படத்தை இரண்டு மடங்காக்கினால் 480×320. திரையின் பரப்பில் சரிபாதி வீணாகும். அகலம் முழுவதும் நிரப்பினால் பெருக்கம் 2.67 மடங்காகி எழுத்துகள் சீரற்றுத் தெரியும். அன்பெர்னிக் 2024 இன் முடிவில் 720×480 திரையோடு ஆர்ஜி34எக்ஸ்எக்ஸ் கருவியை வெளியிட்டதன் பயன் இங்கேதான் தெரியும்: சரியாக மூன்று மடங்கு. பிஎஸ்பியின் அகலப் படம் 640×480 திரையில் 363 வரிகளுக்குள் சுருங்கும். அதை விரும்புவோர் அகலத்திரைக் கருவியைத் தேடுவது நல்லது.

இந்த விடை எளியது, சோதிக்கக்கூடியது. ஆனால் அதன் ஓர் அனுமானம் முழுக்கச் சரியல்ல. பழைய தொலைக்காட்சியில் புள்ளிகள் சதுரமாக இருந்ததில்லை. ஃபமிகொமின் 256×240 படம் அங்கே 4:3 வடிவத்துக்கு இழுபட்டுத்தான் தெரிந்தது. முழு எண் கணக்கில் கிடைக்கும் கூர்மை நினைவிலுள்ள படத்தைவிடத் தெளிவானதாக இருக்கலாம். அதே படம் என்று சொல்வது கடினம்.

நான்காம் விடை: போன் போதும்

எமுலேட்டர்கள் அன்ட்ரொயிட்டில் நெடுங்காலமாக உண்டு. அப்பிள் 2024 ஏப்ரலில் தன் கடையில் அவற்றை அனுமதித்தது. போன் ஏற்கெனவே கையில் இருக்கிறது; அதன் சில்லும் பெரும்பாலும் மலிவான கையடக்கத்தை விஞ்சும். சிக்கனத்தின் பக்கம் பார்த்தால் இதை மறுப்பது சுலபமல்ல.

எதிர்வாதங்கள் இரண்டு. தொடுதிரையில் விரல் படத்தை மறைக்கிறது. பொத்தானின் விளிம்பு விரலுக்குத் தெரியாததால் நேரந்தவறாமல் பாயவேண்டிய கேம்கள் கைகூடுவதில்லை. அடுத்தது, போன் வீட்டில் எல்லாருக்கும் பொதுவான கருவி: அழைப்பு, வங்கி, பாடம் எல்லாம் அதிலேதான். முதலாவது குறையைப் புளூடூத் கைப்பிடி ஒன்று தீர்க்கும். இரண்டாவது குறை வீட்டுக்கு வீடு வேறுபடும். கருவி வாங்க முடிவெடுக்குமுன் ஒரு மாதம் போனில் விளையாடிப் பார்ப்பது எந்தத் தரப்பாலும் மறுக்கப்படாத யோசனை.

சட்டத்தின் விடை

எமுலேட்டர் என்ற மென்பொருளும், ரொம் எனப்படும் கேமின் பிரதியும் வெவ்வேறு. முதலாவதைப் பற்றி அமெரிக்க நீதிமன்றங்கள் ஓரளவு தெளிவாகப் பேசியிருக்கின்றன. சொனிக்கும் எமுலேட்டர் தயாரித்த கனெக்டிக்ஸுக்கும் இடையிலான வழக்கில் 2000 ஆம் ஆண்டு வந்த மேன்முறையீட்டுத் தீர்ப்பு, எமுலேட்டரை உருவாக்குவதற்காகக் கருவியின் உள்நிரலான பயோஸை ஆராயும்போது எடுத்த இடைநிலைப் பிரதிகளை நியாயமான பயன்பாடாக ஏற்றது. 2024 இல் நின்டெண்டோ தொடுத்த வழக்கின் பின் யூசு எமுலேட்டரின் தயாரிப்பாளர்கள் 24 இலட்சம் டொலர் செலுத்த இணங்கி அதை மூடினார்கள். அது இணக்கத்தில் முடிந்ததால் சட்டக் கேள்வி தீர்ப்பாகவில்லை. அங்கே பிரச்சினை புதிய கருவி ஒன்றின் மறைகுறியாக்கப் பூட்டு. கசற் காலத்து கேம்களுக்கு அத்தகைய பூட்டு பெரும்பாலும் இல்லை.

இலங்கையில் பொருந்துவது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அது எமுலேட்டரைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. கணினி நிரலின் பிரதி ஒன்றைச் சட்டப்படி உடைமையாக வைத்திருப்பவர் காப்புக்காக ஒரு பிரதி எடுக்க அது இடமளிக்கிறது. ‘உன் கசற்றை நீயே பிரதி எடு’ என்று உலகெங்கும் சொல்லப்படும் அறிவுரைக்கு இசைவான ஏற்பாடு இது.

இங்கேதான் முடிச்சு விழுகிறது. நகல் கசற்றை வைத்திருந்தவர் காசு கொடுத்தே வாங்கினார், ஆனால் அவர் வாங்கியது உரிமைபெற்ற பிரதியல்ல. அதிலிருந்து எடுக்கும் காப்புப் பிரதிக்கு மேற்சொன்ன ஏற்பாடு பொருந்தும் என்று வாதிடுவது கடினம். அசலை இன்று வாங்கலாமே என்றால், வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023 இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் அங்கேயே விற்பனையில் இல்லை. நின்டெண்டோவும் 3டிஎஸ், வீ யூ ஆகியவற்றின் இணையக் கடையை 2023 மார்ச்சில் மூடிவிட்டது. ஒரு சந்தை வாங்கவும் விடாமல், பிரதி எடுக்கவும் விடாமல் நிற்பது நியாயமா என்பது தொடரும் விவாதம். ஆயினும் ஆயிரக்கணக்கான கேம்களை ஏற்றி விற்கப்படும் மெமரி கார்ட் எந்தச் சட்ட வாசிப்பிலும் பாதுகாப்பானதல்ல. ஐயமற்ற வழி ஒன்றும் உண்டு: பழைய கருவிகளுக்காக இன்று எழுதப்படும் புதிய கேம்கள். கேம் போய்க்கான டோபு டோபு கேர்ள் திறந்த மூலத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஃபமிகொம் குடும்பத்துக்கான மைக்ரோ மேஜஸ் 2019 இல் விற்பனைக்கு வந்தது.

அமைப்பு: வாதத்துக்கு அப்பாலுள்ளவை

கருவித் தெரிவில் முரண்படும் தரப்புகள், அமைப்பு முறையில் பெரும்பாலும் ஒன்றுபடுகின்றன. மலிவான கருவியின் ஆக நலிந்த உறுப்பு அதோடு வரும் பெயரற்ற மெமரி கார்ட். முதல் வேலை, அந்தக் கார்ட்டை அப்படியே கணினியில் பிரதி எடுத்து வைப்பது. ஆர்36எஸ் என்ற மலிவான கருவியில் இதன் அருமை தெரியும். அதே பெயரில் வெவ்வேறு திரைகளோடு கருவிகள் விற்கப்படுகின்றன. எந்தத் திரை என்பதைச் சொல்லும் சிறு கோப்பு பழைய கார்ட்டில்தான் இருக்கும். அதை அழித்துவிட்டுப் புதிய ஆர்க்ஓஎஸ் இயங்குதளத்தை ஏற்றினால் கருவி உயிரோடிருந்தும் திரை ஒளிராது.

அடுத்து, பெயருள்ள நிறுவனத்தின் கார்ட்டை வாங்கி, எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற மென்பொருளால் முழுவதும் எழுதி வாசித்துப் பார்க்கவேண்டும். 128 ஜீபீ என்று அச்சிட்டு 16 ஜீபீ மட்டும் உள்ள போலிகள் இந்தச் சோதனையில்தான் அகப்படும். மியூவுக்கு ஆனியன்ஓஎஸ், எச்700 கருவிகளுக்கு மூஓஎஸ் அல்லது நல்லி என்பன ஆர்வலர்கள் இலவசமாகத் தரும் இயங்குதளங்கள். ஆனியன்ஓஎஸ்ஸுக்குக் கார்ட்டை எப்ஏடி32 முறையில் வடிவமைக்கவேண்டும். பெரிய கார்ட்டுக்கு ரூஃபஸ் என்ற மென்பொருள் உதவும். இரண்டு கார்ட் துளைகள் இருந்தால் இயங்குதளம் ஒன்றிலும் கேம்கள் மற்றதிலும் இருப்பது நல்லது. பிளேஸ்டேஷன் கேம்களைச் சிஎச்டி என்ற சுருக்க வடிவுக்கு மாற்றினால் இடம் மிச்சமாகும்.

புதியவர்கள் அடிக்கடி இடறும் இடம் சேமிப்பு. கேமுக்குள் இருக்கும் சேமிப்பு ஒன்று. எமுலேட்டர் அந்தக் கணத்தை உறையவைத்துச் சேமிப்பது இன்னொன்று. முன்னதன் கோப்பு பெரும்பாலும் வேறு கருவிக்கும் போகும். பின்னது அதே எமுலேட்டருக்கு, சிலவேளை அதன் அதே பதிப்புக்கு மட்டும் உரியது. கருவியை மாற்றும் எண்ணமுள்ளவர் பின்னதை மட்டும் நம்பக்கூடாது.

குச்சவெளியில் வைத்துப் பார்த்தால்

கடலோரத்தில் மூன்று காரணிகள் தனியே கவனிக்கத்தக்கவை. முதலாவது உப்புக் காற்று. கார்ட் துளை, சார்ஜ் துளை, காதுப்பொறித் துளை ஆகிய மூன்றும் திறந்த உலோகம். மூடியுள்ள பெட்டியும் ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொதியும் இங்கே அலங்காரமல்ல. திருத்துவதற்காக நகருக்கு ஒரு தடவை போய்வரும் செலவை யோசித்தால், பொத்தான் ரப்பரும் பற்றரியும் திருகாணி கழற்றி மாற்றக்கூடிய, உதிரிகள் பரவலாக விற்கும் மாதிரியே புதிய மாதிரியைவிட உகந்தது.

இரண்டாவது மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. மியூ மினி பிளஸ்ஸின் 3000 மில்லி அம்பியர் மணி பற்றரியை, 10,000 கொள்ளளவுள்ள பவர் பேங்க் ஒன்று இழப்புகளைக் கழித்தும் இரண்டு தடவைக்கு மேல் நிரப்பும்; ஸ்டீம் டெக்கை ஒரு தடவைகூட முழுதாக நிரப்பாது. மலிவான பல கருவிகள் இரு முனையும் சி வகையான கேபிளில் சார்ஜ் ஏறமாட்டா. பழைய ஏ முனை கேபிளும் 5 வோல்ற் சார்ஜரும் வேண்டும்.

மூன்றாவது தரவு. இயங்குதளக் கோப்பு பல நூறு மெகாபைட்டிலிருந்து சில ஜீபீ வரை போகும். ஒருவர் இறக்கிப் பலர் பகிர்வது இங்கே இயல்பான வழி. அப்படிப் பகிரும்போது ஊரில் பலர் ஒரே மாதிரிக் கருவியை வைத்திருப்பது, ஒவ்வொருவரும் தனித்தனியே சிறந்ததைத் தேடுவதைவிடப் பயனுள்ளது.

மதிப்பீடு

வலு, துல்லியம், திரை, போன் ஆகிய நான்கில் எதுவும் முழுத் தவறல்ல. 16 பிட் காலம் வரையும் முதலாவது பிளேஸ்டேஷனும் போதும் என்பவருக்கு, 640×480 திரையும் மாற்றக்கூடிய பற்றரியுமுள்ள மலிவான லினக்ஸ் கருவியே இன்றைய நிலையில் நியாயமான தெரிவு. பிஎஸ்பியும் பிளேஸ்டேஷன் 2 உம் வேண்டுபவர் கருவிக்குமுன் தன் போனைச் சோதிக்கலாம். எப்பிஜிஏ இங்கே இன்னும் விலையால் தொலைவிலிருக்கிறது.

திறந்திருப்பவை இரண்டு. நகல் கசற் வழி வந்தவர்களின் உரிமையைச் சட்டம் எப்படிப் பார்க்கும் என்பது ஒன்று. மற்றது பதிவு பற்றியது. அசல் கேம்களை உலகின் பல காப்பகங்கள் பட்டியலிட்டுவிட்டன. இலங்கைக்கு எந்த நகல்கள் வந்தன, எந்தக் கசற்றில் எவை இருந்தன, அவை எந்த வேகத்தில் ஓடின என்பதற்கு அவ்வளவு ஒழுங்கான பட்டியல் இல்லை. துல்லியத்தைப் பற்றிப் பேச நமக்கும் ஒரு மூலம் வேண்டுமானால் அது அந்தப் பட்டியல்தான். வீட்டுப் பரணில் ஒரு ரீவி கேமும் மஞ்சள் கசற்றும் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். மேலட்டையையும், முடிந்தால் உள்ளிருக்கும் பச்சை மின்சுற்றுத் தட்டையும் படமெடுத்து, வாங்கிய ஆண்டையும் கடையிருந்த ஊரையும் பின்னால் எழுதி வையுங்கள்.